சிலுவைமுத்துவின் இடது கை

கயிற்றில் கை வைக்கும் முன்னால் சிலுவைமுத்து கழுத்தில் கிடக்கும் ஜெபமாலையைத் திருப்பி முதுகுப் பக்கம் தள்ளிவிடுவான். இழுக்கிற இழுப்பில் சிலுவை கயிற்றில் மாட்டிக்கொள்ளக் கூடாதாம். "ஆண்டவரு கொஞ்ச நேரம் பொறத்தால பாத்துக்கிடட்டும்" என்பான். பிறகு பீடியை எடுத்து வலது காதில் செருகுவான். வலை கரையேறுவதற்குள் அது கடல்தண்ணீரில் ஊறிவிடும். ஊறிய பீடியைப் பற்றவைக்கத் தீப்பெட்டியோடு அவன் மல்லுக்கட்டுவது தினமும் நடக்கிற கூத்து. வேறு இடத்தில் வைக்கலாம் என்று இத்தனை வருஷத்தில் அவனுக்குத் தோன்றியதில்லை.

தங்கச்சிமடம் கரையில் எனக்கு இரண்டு கரைவலை ஓடுகிறது; கடலில் விரித்து, கரையில் நின்றே ஆட்கள் கயிற்றால் இழுக்கிற வலை. முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து மிளகாய் மூட்டையோடு மூட்டையாக ரயிலில் வந்து இறங்கியவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. கடல் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு வந்தவனை இன்றைக்கு இந்தக் கரையே 'சம்மாட்டி' என்று கூப்பிடுகிறது. வலைக்குச் சொந்தக்காரன் என்று அர்த்தம். அந்தப் பெயர் சும்மா வந்துவிடாது. ஓர் ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அவன் எந்த வேலைக்கு ஆவான் என்று சொல்லிவிடுவேன். சிலுவைமுத்துவைப் பார்த்த அன்றே கயிற்றின் முன்னால் நிறுத்தினேன். இன்றுவரை அவன்தான் முன்கயிறு.

கரைவலையில் குரல் கொடுப்பது நான். என் குரல் பாம்பன் பாலத்தில் போகிறவனைத் திரும்பிப் பார்க்க வைக்கும். "பிடி!" என்றால் அத்தனை பேர் கையும் கயிற்றில் பூட்டுப் போட்டதுபோல விழ வேண்டும். அலை திரும்பி இழுக்கிற நேரத்தில் ஒரு கை தளர்ந்தாலும் மற்றவர்களைக் கயிறு வாரிக்கொண்டு போய்விடும். "விடு!" என்று நான் சொன்ன பிறகுதான் விரல் பிரியலாம். இதில் சிலுவைமுத்து பெரிய கெட்டி. ஒருநாள் நான் புரையேறி இருமிக்கொண்டு நின்றுவிட்டேன். எல்லாரும் கையை எடுத்துவிட்டார்கள். அவன் மட்டும் கண்ணை உருட்டிக்கொண்டு, என் வாயையே பார்த்தபடி, பிடித்தது பிடித்தபடி நின்றான்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு வாத்தியத்தின்மேல் ஆசை வந்தது. கொழும்பில் ஓட்டல் பேண்டில் வாசித்துவந்த அருளானந்தம் மாஸ்டர் ஊரோடு திரும்பியபோது கூடவே கொண்டுவந்த சாமான் அது. ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் பாய்த்துணி சுற்றி வந்தது. வழியில் நின்றவர்கள் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஆருய்யா தவறுனது?" என்று கேட்டார்கள். துணியை அவிழ்த்தால் ஆள் உயரத்துக்கு ஒரு பிடில். நாலே தந்தி, ஒவ்வொன்றும் சுறாத் தூண்டில் கயிறு கனம். நிறுத்திவைத்து, இடது கையால் கழுத்தில் தந்தியை அழுத்தி, வலது விரலால் சுண்டி வாசிக்க வேண்டும். பெயர் பேஸ் என்றார் மாஸ்டர். எங்கள் கரை வாயில் அது பேசு ஆகிவிட்டது.

மாதா கோயில் பூசையில் முதல்தடவை அதைக் கேட்டுவிட்டு வந்து சிலுவைமுத்து என்னிடம் சொன்னான்: "காதுல கேக்கல சம்மாட்டி. அடிவயித்துல கேக்குது." அடுத்த ஞாயிறே மாஸ்டர் வீட்டு வாசலில் போய் நின்றான். மூன்று பிள்ளைக்குத் தகப்பன், முப்பத்தைந்து வயது. கரையில் கேலிக்குக் குறைவில்லை.

"ஏலே சிலுவை, பேசு பேசுச்சா?"

"இன்னும் வாயத் தொறக்கல. புதுப்பொண்ணுல்ல, வெக்கப்படுது."

வாத்தியம் வாய் திறக்கும் முன்னால் அவன் கை கத்த ஆரம்பித்துவிட்டது. முதலில் பெருவிரலின் அடியில் வலி. அது மணிக்கட்டுக்கு ஏறி, முழங்கை வரை வந்தது. கஞ்சிக் கும்பாவை இடது கையில் ஏந்த முடியாமல் தரையில் வைத்துக் குனிந்து குடித்தான். சாரத்தை இறுக்கிக் கட்ட முடியாமல் பெண்டாட்டி ஜோதிமேரியைக் கூப்பிட்டான். நான் வாயு என்று சொல்லி, சாயல்குடி வைத்தியரிடம் எண்ணெய் வரவழைத்துக் கொடுத்தேன். கேட்கவில்லை. ரயிலேற்றி ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். டாக்டர், "எலும்புக்கு ஒன்றுமில்லை. ஓய்வில்லாமல் இறுக்கி இறுக்கித் தசைநார் வீங்கியிருக்கிறது. இப்படியே போனால் விரல் மடங்காது. என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறார். கயிறு இழுப்பது என்று சொல்லிவிட்டு, பேசு விஷயத்தை முழுங்கிவிட்டான். கயிற்றை விட்டுவிடு என்றார் டாக்டர்.

திரும்பி வந்து மணலில் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "எடது கை போச்சுன்னா நா பாதி ஆளுல்ல, சம்மாட்டி? பிள்ளைக வாயில என்னத்தப் போடுவேன்?" என்றான்.

வாடைக்காற்று ஓய்ந்து மறுபடி வலை இறக்குகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வலிக்கிற கையை முன்கயிற்றில் நிறுத்த முடியாது. இருபது வருஷம் இழுத்தும் நோகாத கை இப்போது நோகிறதென்றால் காரணம் எது என்று எனக்குத் தெரியாதா? கயிறா பேசா, ஒன்றைச் சொல்லடா என்று கேட்டுவிட ஒரு சாயங்காலம் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன்.

பாடம் நடந்துகொண்டிருந்தது. மாஸ்டர் சுவரில் சாய்ந்தபடி, "பிடி" என்றார். சிலுவைமுத்துவின் இடது கை வாத்தியத்தின் கழுத்தில் அறைந்து விழுந்தது. "இங்கன பிடி." கை நகர்ந்து இன்னும் இறுகியது. "பிடி." பல்லைக் கடித்தான். நெற்றி நரம்பு புடைத்தது. வாத்தியத்திலிருந்து வந்த சத்தம் உரலில் தேங்காய் விழுந்த மாதிரி இருந்தது.

மீன்கூடையோடு அந்த வழியாக வந்த ஜோதிமேரி வாசலில் நின்று பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கூடையை இறக்கிவைத்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னம்மா சிரிப்பு?" என்றார் மாஸ்டர்.

"பின்ன என்னண்ணே! நா வந்ததுலருந்து பிடி பிடிங்கிறீக. விடுன்னு ஒரு வாட்டியாச்சும் சொன்னீகளா? சம்மாட்டி வாயால விடுன்னு கேக்காம இந்த மனுசன் கயித்த விட்டதுண்டா? வருசம் முச்சூடும் பிடிச்சுக்கிட்டேல்ல நிக்கும்!"

மாஸ்டர் திகைத்துப்போனார். "ஏப்பா, பிடின்னா அந்த எடத்துல தந்திய அமுக்குன்னு அர்த்தம். சத்தம் வந்ததும் கை தானாத் தளர வேணாமா? கழுத்த நெரிக்கவா சொன்னேன்?"

"எங்க கரையில பிடின்னா அப்பிடித்தாண்ணே" என்றான் சிலுவைமுத்து. அப்போதும் கையை எடுக்கவில்லை.

நான் தொண்டையைச் செருமினேன். இந்த வேலைக்கு என்னைவிட்டால் ஆள் ஏது? நின்ற இடத்திலிருந்தே, "விடு!" என்று ஒரு குரல் கொடுத்தேன். மாஸ்டர் வீட்டுக் கோழிகள் சிதறின. சிலுவைமுத்துவின் ஐந்து விரலும் பட்டென்று விரிந்தன. தோள் இறங்கியது. இத்தனை மாதம் அடக்கிவைத்திருந்த மூச்சு மொத்தமும் வெளியே வந்தது. கயிறா பேசா என்று நான் கேட்கவே இல்லை.

வலி ஒரே நாளில் ஓடிவிடவில்லை. மாஸ்டர் பாடத்தை நிறுத்திவைத்தார். ஜோதிமேரி ராத்திரிதோறும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். வலை இறக்கிய அன்று காலையில் ஜெபமாலையை முதுகுக்குத் தள்ளிவிட்டு அவனே முன்னால் வந்து நின்றான். "கை எப்படிடா?" என்றேன். "கேட்டுப் பாருங்க, கை இருக்கதே தெரியல" என்று சிரித்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு எனக்கு அன்றைக்குத்தான் சாப்பாடு ருசித்தது.

இப்போது ஞாயிறுதோறும் கோயிலில் அவன்தான் பேசு வாசிக்கிறான். வாசிக்கும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு சுண்டலுக்கும் தனக்குத்தானே 'விடு' சொல்லிக்கொள்கிறான். ஜெபம் சொல்லியபடியே வாசிக்கிறான் என்று சாமியாருக்கு அவன்மேல் தனி மரியாதை.

போன திருவிழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பெரிய பாட்டு, நடுவில் வேகம் ஏறியது. அவன் தோள் மெல்ல மேலே போவதையும் தாடை இறுகுவதையும் கண்டேன். பெண்கள் வரிசையில், இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஜோதிமேரியும் கண்டிருக்க வேண்டும். முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு கையை எடுத்து, அவன் பக்கமாக நீட்டி, ஐந்து விரலையும் மெதுவாக விரித்தாள்.