சுறா எண்ணெயில் ஊறிய மண்டலின்

போன கிழமை மன்னாரில் ஒரு கடையில் மண்டலின் கம்பி கேட்டேன். கடைப் பொடியன் யோசித்துவிட்டு, "குட்டிக் கிட்டாரோ, ஐயா?" என்றான். எனக்கு ஆத்திரம் வந்தது. தெருவெல்லாம் கழுதை திரிகிற மன்னாரில் இருந்துகொண்டு கழுதையைக் குட்டிக் குதிரை என்பானோ?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மண்டலினுக்கு எட்டுக் கம்பி, ஆனால் சுருதி நாலுதான். இரண்டிரண்டாக, ஒரே சுருதியில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஒன்று கொஞ்சம் இறங்கினாலும் சண்டை பிடித்த புருசன் பெண்சாதி போலக் கேட்கும். விரலால் அல்ல, சின்னத் தகட்டால் மீட்ட வேண்டும். நாங்கள் உடைந்த சீப்பில் வெட்டிக்கொள்வோம். கம்பியின் ஓசை சட்டென்று செத்துவிடும். அதனால் நீட்டிப் பாடுகிற இடத்தில் கையை மேலும் கீழும் விடாமல் உதற வேண்டும். அந்த உதறல்தான் மண்டலின். எனக்கு அது வரவில்லை. நான் டோலக் தட்டினேன், அதுவும் தாளம் தப்பி.

சூசைக்கு வந்தது. என்னோடு ஒரே வள்ளத்தில் மீன்பிடித் தொழில் செய்தவன். இந்தியாவுக்குக் கப்பல் ஓடிய காலத்தில், தலைமன்னாரில் இறங்கிய ஒருவரிடம் தன் மண்டலினை வாங்கியிருந்தான். பிலோமினா அவனைக் கட்டச் சம்மதித்ததே அந்த மண்டலினுக்காகத்தான். கலியாணப் பந்தலில் தனக்காக வாசிக்க வேண்டும் என்று தமையனிடம் சொல்லியனுப்பியிருந்தாள்.

உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்தில் எங்கள் ஊரில் மேளமில்லை, பாட்டில்லை, கலியாணமுமில்லை. அது தொடங்குகிற சாம்பல் புதனன்று சூசை மண்டலினைச் சீலையில் சுற்றிக் கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டான். உயிர்ப்புத் திருநாளுக்கு அடுத்த நாள் கலியாணம். திருநாள் பூசை முடிந்து வந்து அவிழ்த்தால், நாற்றம் என்னை முற்றத்துக்குத் தள்ளியது.

அவனுடைய ஐயா செய்த வேலை. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும் என்று, வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெயைக் கிழமைக்குக் கிழமை பூசியிருந்தார். உள்ளும் புறமும்.

"மரந்தானே மகன்," என்றார். "வள்ளம் எத்தினை வருசமா உக்காமக் கிடக்குது."

சூசை தட்டிப் பார்த்தான். ஈர விறகைத் தட்டியது போல இருந்தது. தலையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டான்.

"நாளைக்கு அவளுக்கு என்ன சொல்லுவன், மச்சான்?"

அழுகிற நேரமா என்று பேசிவிட்டுக் கம்பிகளைக் கழற்றச் சொன்னேன். மீன் சட்டியில் சாம்பல் தண்ணீர் கொதிக்க வைத்து அவற்றைப் போட்டோம். எண்ணெயை உறிஞ்சட்டும் என்று மண்டலின் பெட்டிக்குள் தவிட்டைக் கொட்டிக் குலுக்கினோம். வெளியே மண்ணெண்ணெய் போட்டு ஐயாவே துடைத்தார். திரும்பப் பூட்டும்போது தடித்த கம்பிகள் இரண்டும் அறுந்தன. ஆறு மிஞ்சியது.

பந்தலில் ஆறு கம்பியில் வாசித்தான். ஓசை வந்தது, நாற்றமும் வந்தது, பின்னால் பூனைகளும் வந்தன. தமையன் மூக்கைப் பொத்திக்கொண்டு, இது மண்டலினோ மீன் காயப்போடுகிற வாடியோ என்று கேட்டான். சனம் சிரித்தது. சூசை தகட்டைக் கீழே வைக்கப் போனான்.

அன்றைக்கு முழுக்கக் குனிந்தே இருந்த பிலோமினா தலையை நிமிர்த்தினாள்.

"அண்ணன் சும்மா இருங்கோ. நாங்கள் என்ன, பன்னீரிலயோ வளர்ந்தனாங்கள்?" சூசையைப் பார்த்து, "நீங்கள் வாசியுங்கோ," என்றாள்.

வாசித்தான். எனக்குத் தெரிந்து அவன் அதைவிட நன்றாக வாசித்ததில்லை. ஆறு கம்பி போதுமாக இருந்தது. தவக்காலம் முழுக்கப் பாட்டுக் கேளாத காதுகள் அல்லவா? சோறு பரிமாறியவன்கூட அகப்பையைத் தூக்கியபடி நின்றுவிட்டான்.

இப்போது தவக்காலத்துக் கடைசிக் கிழமையில் வருகிற பெரிய வியாழனன்றும் கைபேசியில் பாட்டுக் கத்துகிறது. கலியாண வீட்டில் பெட்டி பெட்டியாக ஒலிபெருக்கி. எந்தப் பாட்டுக்கும் ஒருவன் அகப்பையை நிறுத்துவதில்லை.