இரண்டாவது பீப்பா வரைக்கும்

திருகோணமலையில் மலை என்று சொல்லிக்கொள்ள இருப்பது கோணேசர் கோவில் நிற்கும் பாறைதான். கன்னியாப் பக்கம் சில குன்றுகள் உண்டு. அவற்றில் ஏற அந்தக் காலத்தில் யாருக்கும் அனுமதி இல்லை, ஆசையும் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் 'மவுண்டன் சைக்கிள் ஓட்டப் போட்டி' என்று நோட்டீஸ் ஒட்டினால் சிரிக்காமல் என்ன செய்வது? எங்கள் கந்தோரில் ஒரு கிழமையாக அதே கதைதான். "மலையை லொறியில கொண்டு வருவினமோ?" என்று கேட்டார் எனக்குப் பக்கத்து மேசைக்காரர்.

சண்டை சற்று ஓய்ந்து, பேச்சுவார்த்தை நடக்கிறது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. கடற்கரை றோட்டில் மறுபடியும் பஸ் ஓடியது. சல்லிக் கடற்கரையில் கருவாடு காயவைக்கும் பாய்களுக்கு நடுவே பெடியள் பந்து விளையாடினார்கள். அந்த நிம்மதியில்தான் ஒரு விளையாட்டுக் கழகத்துக்கு இந்தப் போட்டி நடத்தும் எண்ணம் வந்தது. மவுண்டன் என்ற பெயர் பாதைக்காக வைத்ததல்ல, பரிசுக்காக வைத்தது. முதற்பரிசு ஒரு மவுண்டன் சைக்கிள். சிவப்பு நிறம், தடித்த ரயர், கியர் வேறு. நகரத்தில் ஒரு கடைக்காரர் அதைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தார். கந்தோருக்குப் போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம் நான் அதைப் பார்ப்பேன். கடைக்காரர் எனக்குத் தலையாட்டத் தொடங்கிவிட்டார்.

எனக்கு அந்தச் சைக்கிள் வேண்டும். விளையாட்டுக்காக அல்ல. என் மனைவிக்காக.

கலியாணம் முடித்த சில மாதங்களிலேயே அவளுக்குக் குச்சவெளிப் பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கினாள். நான் நகரத்தில். வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் கிடைத்தால் பஸ், கிடைக்காவிட்டால் சைக்கிள் என்று போய், ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவேன். வெள்ளியில் கந்தோர் நேரத்தோடு விடும், அதனால் சமாளிக்கலாம். மற்ற நாட்களில் ஏலாது. அவளுடைய பள்ளிக்கூடத்துக்குச் சற்று முன்னால் ஒரு சென்றி, ஆமியின் சோதனைச் சாவடி, இருந்தது. ஆறு மணிக்குக் குறுக்குத் தடியை இறக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போக முடியாது. என்னிடம் இருந்தது பழைய கறுப்புச் சைக்கிள். ஒரு மூடை அரிசியைக் கரியரில் ஏற்றினாலும் முனகாது. ஆனால் அந்த நாளைய றோட்டில் பாதி மணல், மணலைக் கண்டால் எருமை மாதிரிப் படுத்துவிடும். இறங்கித் தள்ளித் தள்ளியே ஆறு மணி ஆகிவிடும்.

அவள் நகரத்துக்கு வந்திருந்த ஒரு சனிக்கிழமை, கண்ணாடிக்குள் நின்ற சைக்கிளைக் காட்டினேன்.

"இது மணலில ஓடுமோ?" என்று கேட்டாள்.

"ஓடும்."

"அப்ப புதன்கிழமையும் வரலாம், என்ன?"

"ஓம். கந்தோர் விட்டவுடன வெளிக்கிட்டா ஆறுக்கு முன்னம் வந்திடலாம்."

"அப்ப வெல்லுங்கோவன்" என்றாள். வரும் வழியில் ஒரு தேங்காய் வாங்கி வாருங்கள் என்கிற அதே குரல். பிறகுதான் தெரியும், தங்கியிருந்த வீட்டு அம்மாவிடம் இனிப் புதன்கிழமைகளில் ஒரு சுண்டு அரிசி கூடப் போடச் சொல்லிவிட்டாள் என்று. போட்டிக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது!

சென்றியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அது விளங்காது. றோட்டுக் கரையில் ஒரு தார்ப் பீப்பா நிற்கும். அந்தப் பீப்பா வந்தவுடன் சைக்கிளில் இருந்து இறங்க வேண்டும். தொப்பி போட்டிருந்தால் கழற்ற வேண்டும். அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளியபடி நடக்க வேண்டும். மெதுவாக நடக்க வேண்டும். ஓடக் கூடாது. சென்றிக்குள் ஓடுகிறவன் எதற்காக ஓடுகிறான் என்று யாரும் நின்று கேட்கமாட்டார்கள். அடுத்த பக்கத்தில் இரண்டாவது பீப்பா நிற்கும். அதைத் தாண்டினால்தான் மறுபடி ஏறலாம். நகரத்துக்குள்ளேயே எத்தனை சென்றி! சந்தைக்குப் போக, கோவிலுக்குப் போக, சாவீட்டுக்குப் போக, எங்கே போனாலும் இறங்கி ஏறி, இறங்கி ஏறி, அது எங்களுக்குக் கொட்டாவி விடுவது போல ஆகிவிட்டிருந்தது.

போட்டி நாள் காலையில் சல்லி அம்மன் கோவிலுக்கு முன்னால் கூடினோம். வந்திருந்த சைக்கிள்களைப் பார்த்தால் மவுண்டன் என்ற சொல் வெட்கப்படும். பெரும்பாலும் என்னுடையதைப் போன்ற கறுப்புச் சைக்கிள்கள், மட்காட்டைக் கழற்றிவிட்டு வந்தவை. கிண்ணியாவில் இருந்து ஒரு மீன் வியாபாரி வந்திருந்தார். ஒவ்வொரு நாளும் கரியரில் மீன்பெட்டி கட்டி ஊரூராகப் போகிறவர். அன்றைக்குப் பெட்டி இல்லை, வாசனை மட்டும் இருந்தது. "பெட்டி இல்லாம ஓடுறது நாணமாக் கிடக்கு, மச்சான்" என்றார் என்னிடம். அன்றுதான் முதன்முதல் பார்க்கிறோம், அதற்குள் மச்சானாகிவிட்டேன். கொழும்பில் இருந்து வங்கிக்கு மாற்றலாகி வந்த ஒரு இளைஞரும் நின்றார். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வங்கிக் காவலாளியின் சைக்கிளை இரவல் வாங்கியிருந்தார். எங்கள் எல்லோரிலும் அவர் தலையில் மட்டுமே ஹெல்மெட். அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஒலிபெருக்கியில் விதிகளைச் சொன்னார்கள். கடற்கரை றோட்டில் நிலாவெளி தாண்டும்வரை போய், உள்ளே கிறவல் பாதையில் திரும்பி, பற்றைக் காட்டைச் சுற்றி, குச்சவெளிக்கு முன்னால் மறுபடி றோட்டில் ஏற வேண்டும். முடிவிடம் பள்ளிக்கூட மைதானம். காட்டுப் பாதையில் மாட்டு வண்டி போன தடத்தை விட்டு ஒரு முழம்கூட விலகக் கூடாது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, மண்ணுக்குள் என்ன இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கடைசியாக ஒன்று சொன்னார்கள். வழியில் உள்ள சென்றிகளுக்கெல்லாம் அறிவித்தாகிவிட்டது, அனுமதி வாங்கியாகிவிட்டது, போட்டிக்காரர் யாரும் இறங்கத் தேவையில்லை, நேரே ஓடலாம். இதை அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நாங்கள் கை தட்டினோம். நகரத்துப் பக்கத்துச் சென்றிகளைத் தவிர்ப்பதற்காகவே சல்லியில் தொடங்கினார்கள். நிலாவெளியில் ஒன்று இருந்தது, அங்கே தடியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு பொலிஸ்காரர் நடு றோட்டில் நின்று கையை வீசி வீசி எங்களை அனுப்பினார். கூட்டமாகப் போனோம், கூட்டத்தோடு கூட்டமாகக் கடந்துவிட்டோம்.

காட்டுப் பாதை வந்ததும் கூட்டம் சிதறியது. வண்டித் தடம் என்றால் இரண்டு சில்லுக்கு இரண்டு கோடு. இடது கோட்டில் நான், வலது கோட்டில் மீன் வியாபாரி. நடுவில் புல்லு. பின்னால் வருகிறவன் எங்களை முந்த வேண்டுமானால் தடத்தை விட்டு இறங்க வேண்டும், அதற்கு யாருக்குத் துணிவு வரும்? வங்கி இளைஞர் எங்களுக்குப் பின்னாலேயே மணியடித்துக்கொண்டு வந்தார். மீன் வியாபாரி திரும்பிப் பார்க்காமலே, "மணி நல்ல மணி, தம்பி" என்றார். நாங்கள் இருவரும் மூச்சு வாங்க வாங்கக் கதைத்துக்கொண்டே ஓடினோம். அவருக்கு அந்தச் சைக்கிள் எதற்கு என்று கேட்டேன். மீன் பழுதாகுமுன் இன்னும் இரண்டு ஊருக்குப் போகலாமாம். எனக்கு எதற்கு என்று அவர் கேட்டார். சொன்னேன். "அப்ப எனக்கு மீன், உங்களுக்குப் பொஞ்சாதி" என்று சிரித்தவர், அதற்காகக் காலைத் தளர்த்தவில்லை, இன்னும் பலமாக மிதித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

அந்தக் காலை எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை எப்படிச் சொல்வது? ஆண்டுக்கணக்காக யாரும் விளையாட்டுக்குப் போகாத பாதை. பனங்காய் விழுந்து கிடந்தது. எங்கோ களப்பு நாறியது. முப்பது வயதுக்காரன் நான், பத்து வயதுக்காரன் போல வாயைத் திறந்து காற்றைக் குடித்துக்கொண்டு ஓடினேன்.

கடற்கரை றோட்டில் ஏறியபோது நான் முன்னால். மீன் வியாபாரி என் பின் சில்லுக்குப் பக்கத்தில். வங்கி இளைஞரும் மற்றவர்களும் பின்னால். தூரத்தில் பள்ளிக்கூட மதில் தெரிந்தது. மதிலில் பிள்ளைகள், பிள்ளைகளுக்கு நடுவே ஒரு நீலச் சேலை. அவள்தான். சென்றி மட்டும் இடையில். தடி மேலே தூக்கியிருந்தது. ஆமிக்காரர்கள் இரண்டு பேர் மணல் மூடைகளுக்கு வெளியே வந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதலாவது பீப்பா வந்தது. நான் இறங்கினேன்.

இறங்க வேண்டும் என்று நினைத்து இறங்கவில்லை. என் வலது கால் தானாகச் சீற்றுக்கு மேலால் சுழன்று நிலத்தில் நின்றது. கை சேர்ட்டுப் பையைத் தேடியது. போட்டிருந்ததோ பெனியன், அதில் ஏது பை? பக்கத்தில் பார்த்தால் மீன் வியாபாரியும் இறங்கிச் சைக்கிளைத் தள்ளுகிறார். பின்னால் சரக் சரக் என்று செருப்புச் சத்தம். திரும்பிப் பார்க்கிறேன், கண்ணுக்குத் தெரிந்த முழுப்பேரும் இறங்கி ஒருவர் பின் ஒருவராக வரிசையில் வருகிறார்கள். ஆமிக்காரர் "யன்ன! யன்ன!" என்று கத்துகிறார். சிங்களத்தில் போ, போ என்று அர்த்தம். அவர் கத்தக் கத்த எங்கள் நடை இன்னும் மெதுவாகிறது. கத்துகிறவனுக்கு முன்னால் மெதுவாக நடப்பதுதானே நாங்கள் பழகியது. மதிலில் இருந்து பிள்ளைகள் "ஓடுங்கோ! ஓடுங்கோ!" என்று கூக்குரலிடுகிறார்கள். ஓடக் கூடாத இடத்தில் எப்படி ஓடுவது? நெஞ்சு குதிரை போல அடிக்கிறது, கால்கள் கோவில் வீதி சுற்றுவது போல நடக்கின்றன. மீன் வியாபாரியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி, ஒருவரை ஒருவர் முந்தாமல், இரண்டாவது பீப்பாவை நோக்கி நடந்தோம்.

அப்போது வங்கி இளைஞர் எங்கள் வரிசைக்குப் பக்கத்தால், சைக்கிளில் இருந்தபடியே, ஹெல்மெட்டும் தானுமாகப் போனார். ஆமிக்காரர் அவருக்குக் கை தட்டினார்.

நாங்கள் இரண்டாவது பீப்பாவைத் தாண்டிச் சைக்கிளில் ஏறி மிதித்தபோது அவர் மைதானத்துக்குள் நுழைந்துவிட்டார். நான் இரண்டாவது, மீன் வியாபாரி மூன்றாவது.

அந்த இளைஞரில் ஒரு பிழையும் இல்லை. சொன்னதைக் கேட்டார், செய்தார். பரிசை வாங்கிய பிறகு எங்களிடம் வந்து உண்மையிலேயே விளங்காமல் கேட்டார்: "ஏன் எல்லாரும் எறங்கினீங்க? மைக்குல அவ்வளவு சொன்னாங்க தானே?"

"காதுக்குக் கேட்டிச்சி, தம்பி. காலுக்குக் கேக்கல்ல" என்றார் மீன் வியாபாரி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு ஆத்திரம். யாரில் என்று தெரியாத ஆத்திரம். என் சொந்தக் காலை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

இரண்டாம் பரிசு ஒரு சுவர்க் கடிகாரம். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மனைவியிடம் போனேன். அவள் மதிலில் இருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். பிள்ளைகளுக்கு முன்னால் அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் எண்டாலும் இறங்கித்தான் இருப்பன்" என்றாள். பிறகு கடிகாரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதைக் கொஞ்சம் பிந்தி வைப்பம். எங்கட அறையில எண்டாலும் ஆறு மணி மெல்ல வரட்டும்."

அடுத்த புதன்கிழமை கந்தோர் விட்டதும் கறுப்புச் சைக்கிளில் வெளிக்கிட்டேன். நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்குப் போக மனம் வரவில்லை, அவ்வளவுதான். சென்றிக்கு இந்தப் பக்கம், இறக்கக்கண்டியில், மீன் வியாபாரியின் மச்சான் ஒருவர் இருந்தார். பிந்தினால் அங்கே படுத்து விடியற்காலையில் கந்தோருக்குப் போகலாம் என்று மீன் வியாபாரியே ஏற்பாடு செய்து தந்திருந்தார். மணலில் தள்ளித் தள்ளிப் போய்ச் சேர்ந்தபோது தடி இறங்கிவிட்டிருந்தது.

முதலாவது பீப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன். இரண்டாவது பீப்பாவுக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். கையில் ஒரு சோற்றுப் பார்சல். நான் வருவேன் என்று நான் சொல்லவில்லை. அரிசி கூடப் போட்டாயிற்று, அது வீணாகக் கூடாது என்று வந்தாளாம், அப்படித்தான் பிறகு சொன்னாள்.

அன்றைக்குக் கத்திய அதே ஆமிக்காரர் அவளிடம் பார்சலை வாங்கி, பிரித்துப் பார்த்து, மறுபடி சுற்றிக்கொண்டு வந்து என்னிடம் தந்தார். என்னை அடையாளம் கண்டு சிரித்தார். "றேஸ்" என்றார். நான் சைக்கிளைக் காலில் சாய்த்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டேன். சூடைமீன் குழம்பு. கதைக்க முடியாத தூரம். முடிந்துவிட்டது என்று வெறும் வாழையிலையைத் தூக்கிக் காட்டினேன். அதுவரை அவள் அசையவில்லை.

சண்டை திரும்பி வந்து பாதையைப் பூட்டும்வரை எல்லாப் புதன்கிழமைகளும் அப்படித்தான். இப்போது அந்த இடத்தில் பீப்பாவும் இல்லை, தடியும் இல்லை, றோட்டு கண்ணாடி போல இருக்கிறது. குச்சவெளியில் பழைய ஆட்களைப் பார்க்க நாங்கள் சில சமயம் என் புதுச் சைக்கிளில் போவதுண்டு, அவள் பின்னால் கரியரில். அந்த இடம் வந்ததும் நான் இறங்குவேன். அவளும் இறங்குவாள். நடப்போம். இரண்டாவது பீப்பா நின்ற இடத்தில் அவள் நின்று என்னைப் பார்த்து, "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்பாள்.