இருளப்பசாமி பி.ஏ.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மெயின் ரோட்டை ஒட்டி ஒரு கலைக் கல்லூரி. ரிசல்ட் வந்த மறுநாள் அங்கே தேர்வுப் பிரிவு ஜன்னலில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிற பிள்ளைகளிடம் முதலில் பேச்சுக் கொடுப்பது கன்ட்ரோலரும் இல்லை, கிளார்க்கும் இல்லை. அட்டெண்டர் இருளப்பசாமிதான்.

"எம்புட்டு மார்க்?"

"முப்பத்தொம்பதுண்ணே."

"கடைசி வருசமா? இந்த ஒரு பேப்பர்தான் பாக்கியா?"

"ஆமாண்ணே."

"பொறவு எதுக்குத்தாயி அழுகுற? பத்து நாளுக்குள்ள இன்ஸ்டன்ட் பரீட்சைக்கு ஃபாரம் குடு. அடுத்த மாசம் எழுது. எழுதின ஒரு வாரத்துல ரிசல்ட்டு. சர்டிஃபிகேட்டுல இந்த வருசந்தான் போடுவாங்க. ஒரு வருசம் வீணாப் போச்சுன்னு எவனும் சொல்ல முடியாது."

இரண்டு பேப்பர் போனவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர்களையும் அவர் வெறுங்கையோடு அனுப்பமாட்டார். ஒன்றுக்கு மறுமதிப்பீடு போடச் சொல்லி, அது தேறினால் மற்றதை இன்ஸ்டன்ட்டில் எழுதலாம் என்று வழி சொல்லுவார். கன்ட்ரோலரே சில சமயம் விதியில் சந்தேகம் வந்தால் இவரைத்தான் கேட்பார். இருபத்திரண்டு வருஷமாக அந்த வாசலில் நின்றவருக்குத் தெரியாத விதி எது?

இப்படி ஊருக்கெல்லாம் வழி சொன்ன மனுஷன் தன் கதையை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. இதே கல்லூரியில் சரித்திரம் படித்தவர்தான் அவரும். தொண்ணூற்றொன்பதில் ஐரோப்பிய வரலாற்றில் முப்பத்தெட்டு. பாஸாக நாற்பது வேண்டும். மற்ற எல்லாப் பேப்பரும் பாஸ். அந்தப் பரீட்சையன்று கடைசி அரை மணி நேரம் எழுதாமல் எழுந்து வந்துவிட்டார். மறுநாள் விடியற்காலை திருநெல்வேலியில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று ஒரே ஓட்டம். அங்கே போனால் மார்பு அரை அங்குலம் குறைவு. அரை அங்குலத்தில் பட்டாளம் போச்சு, இரண்டு மார்க்கில் பட்டம் போச்சு. பிறகு மில் வேலை, கல்யாணம், பிள்ளை, இந்த அட்டெண்டர் வேலை என்று வருஷம் ஓடி, எழுதுவதற்கான கெடுவும் முடிந்துபோனது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவருடைய கல்யாணப் பத்திரிகையில் அவர் அப்பா 'இருளப்பசாமி பி.ஏ.' என்று போட்டுவிட்டார். "மூணு வருசம் படிச்சான்ல, ரெண்டு மார்க்குக்காகப் போடாம இருக்க முடியுமா?" என்பது பெரியவரின் நியாயம். பத்திரிகையைப் பார்த்துப் பெண் வீட்டார் பூரித்துப் போனார்கள். மனைவி செல்லத்தாயோ கோயில் நன்கொடை ரசீதிலிருந்து மகளின் பள்ளிக்கூட விண்ணப்பம் வரைக்கும் அந்த இரண்டு எழுத்தை விட்டதே இல்லை. ஒவ்வொரு தடவையும் இருளப்பசாமிக்கு நெஞ்சில் முள் தைத்தது. அவளிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

இந்த வருஷம் முள் ரொம்ப ஆழமாகத் தைத்தது. மகள் யுவராணி எம்.எஸ்ஸி.க்கு ஆவணியில் கல்யாணம். பத்திரிகை மாதிரியில் தன் பேரை வெறுமனே போடச் சொல்லியிருந்தார். செல்லத்தாய் அச்சகத்துக்குப் போன் போட்டு 'பி.ஏ.'வைச் சேர்க்கச் சொல்லிவிட்டாள். பெற்ற மகளின் பத்திரிகையிலும் பொய்யா? தாள் சரியில்லை, எழுத்து சின்னது, சாமி படம் மங்கல் என்று ஏதேதோ சொல்லி அவர் அச்சடிப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

அந்த நேரத்தில்தான் அவர் கையிலேயே நோட்டீஸ் போர்டில் ஒட்டக் கொடுத்தார்கள் ஒரு சுற்றறிக்கையை. கெடு முடிந்த பழைய மாணவர்களுக்கு ஒரே ஒரு சிறப்பு வாய்ப்பு, இன்ஸ்டன்ட் பரீட்சையோடு சேர்த்தே நடக்கும் என்று. ஒட்டிவிட்டு அங்கேயே நின்று மூன்று தடவை படித்தார். பிறகு கிளார்க் பானுப்பிரியாவிடம் போய், "ஒரு ஃபாரம் குடு தாயி" என்றார்.

"யாருக்குண்ணே?"

"தெரிஞ்சவருக்கு."

பூர்த்தி செய்து வந்த ஃபாரத்தைப் பார்த்து அவள் வாயைப் பிளந்தாள். "வீட்டுக்கு மட்டும் தெரிய வேண்டாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு மாதம் மத்தியானச் சாப்பாட்டு வேளையெல்லாம் ரெக்கார்டு ரூமில் பழைய விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து பிரெஞ்சுப் புரட்சியை மனப்பாடம் செய்தார்.

பரீட்சை நாள். மேஜைகளில் நம்பர் ஒட்டியது அவர்தான், தன் நம்பர் உட்பட. மணி அடிக்கிற பொறுப்பை மட்டும் வாட்ச்மேன் மாரிச்சாமியிடம் ஒப்படைத்திருந்தார். பத்து மணி ஆயிற்று. மணி அடிக்கவில்லை. பத்து ஒன்று. பத்து இரண்டு. ஹாலில் இருந்த அத்தனை பேரும் இருளப்பசாமியைத் திரும்பிப் பார்த்தார்கள். கண்காணிப்பாளரும் பழக்கதோஷத்தில், "என்ன இருளப்பா, மணி அடிக்கலையா?" என்றார்.

"சார், நான் இன்னைக்குப் பரீட்சை எழுத வந்திருக்கேன்."

சிரிப்பு அடங்குவதற்குள் ஜன்னலில் மாரிச்சாமியின் தலை தெரிந்தது. "ஏலே, மணி அடிக்கிற கம்பிய எங்கலே வச்ச?"

கம்பி பீரோவில் இருந்தது. பீரோ சாவி இருளப்பசாமியின் சட்டைப் பையில் இருந்தது. சாவி ஜன்னல் வழியாகப் போய், ஒரு வழியாக மணி அடித்து, அந்தக் கல்லூரியின் சரித்திரத்திலேயே முதல் தடவையாகப் பரீட்சை ஐந்து நிமிஷம் தாமதமாகத் தொடங்கியது.

கேள்வித்தாளில் முதல் காரியமாகப் பிரெஞ்சுப் புரட்சியைத் தேடினார். இருந்தது. எழுதினார், எழுதினார், விரல் வீங்க எழுதினார். முடிய அரை மணி இருக்கும்போது பக்கத்து மேஜைப் பெண் தாளைக் கட்டிக்கொண்டு எழுந்தாள். ஜன்னலில் முப்பத்தொன்பதுக்கு அழுதவளேதான். இருளப்பசாமிக்குத் திருநெல்வேலி பஸ் கண்ணுக்குள் வந்து நின்றது.

"உக்காருத்தா! கடைசி மணி அடிக்கிற வரைக்கும் எந்திரிக்காத!"

"இருளப்பா, ஹால்ல பேசக் கூடாது!" என்று கண்காணிப்பாளர் அதட்டினார். வாழ்நாளில் முதல் தடவையாக வாங்கிய அந்த அதட்டல் அவருக்கு உறைக்கவே இல்லை. பெண் உட்கார்ந்துவிட்டாள். அவரும் கடைசி மணி வரை எழுதினார்.

ஒரு வாரம் கழித்துப் பானுப்பிரியா ரிசல்ட் தாளை மடித்து, பசை டப்பாவோடு நீட்டினாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "இத ஒட்டுறதுக்கு முன்னால ஒரு தடவ படிச்சிருங்கண்ணே."

அறுபத்தொன்று. படித்தவர் பசை டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அழுதார். ஆபீஸே எழுந்து கை தட்டியது. பக்கத்து மேஜைப் பெண்ணும் பாஸ், ஐம்பத்திரண்டு.

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ஒரு கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பச் சோழபுரம் பஸ் ஏறினார். பாதி வழியில்தான் உறைத்தது. எதற்குப் பால்கோவா என்று கேட்டால் என்ன சொல்வது? இப்போதுதான் பாஸானேன் என்றால், இருபத்தைந்து வருஷமாகப் பாஸாகாமல் இருந்ததை அல்லவா சொல்ல வேண்டும்! ஃபெயிலானதை மறைத்தது போல இப்போது பாஸானதையும் மறைக்க வேண்டுமா என்று நினைத்தபோது அவருக்கே சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

"என்ன விசேசம்?" என்றாள் செல்லத்தாய், பொட்டலத்தைப் பார்த்ததும்.

இருளப்பசாமி நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே, குற்றவாளிக் கூண்டில் நிற்பவரைப் போல, முப்பத்தெட்டு மார்க்கிலிருந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். செல்லத்தாய் பொட்டலத்தின் நூலை நிதானமாகப் பிரித்தாள்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"கல்யாணமான மறுவருசமே ட்ரங்குப் பெட்டியத் தொடச்சப்ப உங்க மார்க் ஷீட்டப் பாத்துட்டேன். நான் பத்தாவது படிச்சவதான். முப்பத்தெட்டுக்கும் நாப்பதுக்கும் எம்புட்டு வித்தியாசம்னு தெரியாதா?"

"பொறவு எதுக்குடி ஊரெல்லாம் பி.ஏ., பி.ஏ.ன்னு போட்ட?"

"ரெண்டு மார்க்குதானன்னு நானே போட்டுப் பாஸாக்கிட்டேன்."

அவருக்குக் கண் கலங்கியது. அவள் ஒரு விள்ளல் பால்கோவாவை எடுத்து அவர் வாயில் வைத்தாள்.

"இப்ப எம்புட்டு?"

"அறுபத்தொண்ணு."

"அப்ப நான் போட்ட ரெண்டத் திருப்பித் தந்துருங்க" என்று சொல்லிவிட்டு, பத்திரிகையை அச்சடிக்கச் சொல்ல அச்சகத்துக்குப் போன் போட்டாள்.