குழி நிறைய நல்லெண்ணெய்

போன மாதம் கோவில்பட்டியில் ஒரு டாக்டரம்மா என் வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, பித்தப்பையில் கல் இருக்கிறது, எண்ணெய்ப் பலகாரம் தொடக்கூடாது என்றார். ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். படித்தவர்கள் முன்னால் தலையாட்ட மட்டும்தான் தெரியும். அவராகவே சுவரில் இருந்த படத்தைக் காட்டிச் சொன்னார். ஈரலில் ஊறுகிற பித்தநீர் குடலுக்கு வந்து, நாம் தின்ற எண்ணெயைப் பொடிப்பொடித் துளியாக உடைக்குமாம். இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஒன்று இருக்கிறதாம். அதன் நீர்தான் அந்தத் துளிகளைக் கரைத்து உடம்பில் சேர வைக்குமாம்.

"கணையம் கெட்டுப்போச்சுன்னா எவ்வளவு தின்னாலும் உடம்புல ஒட்டாது. எண்ணெய் எண்ணெயாவே வெளிய போயிரும். வலியும் தாங்க முடியாது."

அந்த இடத்தில் என் தலை ஆடவில்லை. "சின்னப் பிள்ளைகளுக்கும் அது கெட்டுப்போகுமா?" என்று கேட்டேன்.

"போகும். யாருக்கு?"

"சும்மா கேட்டேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் எட்டயபுரம் வரைக்கும் அக்கா நினைப்பாகவே இருந்தது. பதினாறு வயதில் செத்துப்போனவள். அவளுக்கு இருந்தது இதுதானா என்று இனி யார் சொல்ல முடியும்?

அக்கா ஆளானபோது எனக்கு எட்டு வயது. எங்கள் பக்கத்தில் ஆளான பிள்ளைக்கு உளுந்தங்களி கொடுப்பார்கள். உளுந்து மாவைக் கருப்பட்டிப் பாகில் கிண்டி, உருட்டி, நடுவில் குழித்து, குழி நிறைய நல்லெண்ணெய் ஊற்ற வேண்டும். இடுப்பெலும்பு பலப்படும் என்பார்கள். அக்கா முன்பிருந்தே ஒல்லி. சாப்பிட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவாள். ஆளாகப் போகிற வலி என்றார்கள். ஆன பிறகு, ஆன வலி என்றார்கள். அம்மா, எங்கள் புஞ்சையில் விளைந்த எள்ளை ஆட்டி வைத்த எண்ணெயைத் தன் தலைக்குக்கூட வைக்காமல் அவளுக்கு ஊற்றினாள். அவள் தேறவில்லை என்றதும் குழியைப் பெரிதாக்கினாள்.

காலையில் களியை வட்டிலில் வைத்துவிட்டு அம்மா காட்டு வேலைக்குப் போய்விடுவாள். ஒருநாள் அக்கா வட்டிலை என் பக்கம் தள்ளினாள்.

"ஏலே, நீ தின்னு. அம்மைட்ட சொல்லிராத."

"ஒனக்கு?"

"எனக்கு எண்ணெய் எண்ணெயாவே போயிருதுலே."

எனக்குச் சிரிப்பு வந்தது. களியையும் விடவில்லை. தின்று முடித்ததும் தாவணி முனையால் என் வாயைத் துடைத்துவிடுவாள். "திருட்டுப்பயலே, மூக்குல கூட களிய வச்சிருக்கான் பாரு."

அதிலிருந்து மூன்று வாரம் தினமும் களியை நான் தின்றேன், அவள் கம்மங்கஞ்சியைத் தண்ணீராகக் கரைத்துக் குடித்தாள். அந்த மூன்று வாரமும் அவள் குனிந்து நான் பார்க்கவில்லை. தட்டாங்கல் ஆடினாள். என்னை ஏமாற்றி ஜெயித்தாள். தோற்றால் கல்லைத் தூக்கி எறிந்தாள். எனக்கு வாய்ப்பாடு வராது. ஏழாம் வாய்ப்பாட்டைப் பாட்டாகவே பாடி மண்டையில் ஏற்றினாள். இப்போதும் எங்காவது ஏழால் பெருக்க வேண்டி வந்தால் அவள் குரலில்தான் பெருக்குகிறேன்.

அப்போதுதான் அத்தை வந்தாள். தன் மகனுக்கு அக்காவைத்தான் எடுப்பது என்று எங்கள் அப்பாவிடம் எப்போதோ சொல்லி வைத்திருந்தாள். வந்தவள் அக்காவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்ன மதினி, இந்த வீட்டுல ஆளானது யாரு? இவன் கன்னத்தப் பாத்தா இவனுக்குல்லா களி கிண்டிக் குடுத்த மாதிரி இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன். அக்கா தண்ணீர் எடுக்கப் போனதும் அத்தை குரலைத் தாழ்த்தினாள்.

"இப்படி வத்தலா இருந்தா எப்படி மதினி? எம் மவனுக்கு எலும்பையா கெட்டி வைக்கது? இன்னும் ரெண்டு மாசம் பாப்பேன்."

அக்காவின் சதையெல்லாம் என் கன்னத்தில் இருக்கிறது. என்னால் அவள் கல்யாணம் நிற்கப்போகிறது. அத்தை போன கையோடு அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை. "ஏட்டி, நெசமா?" என்று அக்காவைக் கேட்டாள்.

"தின்னா வலிக்கும்மா."

"திங்காமக் கெடந்தா வலிக்கத்தான் செய்யும்."

அம்மாவுக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான்.

மறுநாள் அம்மா காட்டுக்குப் போகவில்லை. வட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து, கடைசி உருண்டை வரை அக்காவைத் தின்ன வைத்தாள். அக்கா என்னைக் காட்டிக்கொடுத்தவனாகப் பார்க்கவில்லை. பார்வையே என் பக்கம் வரவில்லை. வட்டில் காலியானதில் எனக்குச் சந்தோஷம். கல்யாணம் நடந்துவிடும்.

கொஞ்சநேரம் கழித்துக் கொல்லைப்பக்கம் போனேன். அவள் சுவரோரம் முழங்காலில் நெற்றியை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாவணியெல்லாம் வேர்வை. என் கையைப் பிடித்தாள்.

"ஏலே, நாளைக்கு நான் திங்கையில எம் பக்கத்துலயே உக்காந்திருக்கியா?"

"ம்" என்றேன்.

காட்டிக்கொடுத்ததற்குப் பழிவாங்கப் பார்க்கிறாள், எனக்கு ஒரு வாய்கூடத் தராமல் தின்று காட்டி ஏங்க வைக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் களி கிண்டுகிற வாசனை வந்ததுமே, பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டேன்.