கல்லில் துவாரகா இல்லை

எல்லவிலிருந்து வெல்லவாய பக்கம் இறங்கும் வீதியில், சாமிகலைத் தோட்டத்துக்குத் திரும்பும் முடக்கில் ஒரு கருங்கல் நிற்கிறது. மண்சரிவில் புதைந்துபோன கீழ்ப்பிரிவு லயத்தின், தொழிலாளர் வரிசை வீடுகளின், நினைவாக நட்டது. மூன்று மொழியில் தேதி, அதன் கீழே பதினெட்டுப் பெயர்கள். ஏழாவது பெயர் இரகுநாதன். லீலாதேவியின் புருஷன்.

மலை இறங்கிய காலையில் லீலாதேவி மேல்மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். இரகுநாதனுக்குக் கால் சுளுக்கு, வேலைக்குப் போகவில்லை. அவனோடு வீட்டில் இருந்தது ஐந்து வயது துவாரகா, லீலாதேவியின் தங்கை தயானியின் மகள். மற்ற நாட்களில் லீலாதேவி அவளை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுத்தான் போவாள். அன்று பிள்ளைக்கு உடம்பு லேசாகச் சுட்டது. மழைக்குளிரில் எதற்கு என்று வீட்டிலேயே படுக்க வைத்தாள். பிள்ளைக்காம்பரா மேட்டில் இருந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

பதினோரு நாள் தோண்டினார்கள். இரகுநாதன் கிடைத்தான். துவாரகா கிடைக்கவில்லை.

தயானி புருஷன் விட்டுப்போனவள். மூன்று வாரத்துக்கு முன்புதான் கொஸ்லந்தையிலிருந்து பிள்ளையைக் கொண்டுவந்து அக்காவிடம் விட்டுவிட்டு, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் பறந்திருந்தாள். பிள்ளையின் பதிவெல்லாம் கொஸ்லந்தையில். செத்தவர்களின் பட்டியலைக் கீழ்ப்பிரிவின் குடும்பப் பதிவை வைத்து எழுதினார்கள். நிவாரண முகாமில் வந்தவர் போனவர் எல்லோரிடமும் லீலாதேவி சொன்னாள். யாரோ ஒருவர் துண்டுக் கடதாசியில் குறித்துக்கொண்டும் போனார். அவ்வளவுதான்.

இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து தயானி வந்தபோது கல் நட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியவள் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"அக்கா, பாப்பா பேரு இல்ல."

"விட்டுட்டாங்க டீ. நான் சொல்லாத ஆளு இல்ல."

"பேரு வைக்காத பச்சப்புள்ளயக்கூட ‘குழந்தை’ன்னு போட்டுருக்காங்க. எம்புள்ளய மட்டும் விடுவாங்களா? அவ சாகல க்கா. அதான் போடல."

இரண்டு வருடமாகத் தொலைபேசியில் அழுதுகொண்டிருந்தவளின் முகம் தெளிந்திருந்தது.

அன்றிலிருந்து தேடல். பண்டாரவளை, பதுளை, ஹாலிஎல. பிள்ளைகள் இல்லம் ஒன்று விடாமல் தயானி போட்டோவோடு ஏறி இறங்கினாள். பண்டாரவளைச் சந்தியில் கடை வைத்திருந்த ஜுனைதீன் நாநா போட்டோவைக் கண்ணாடியில் ஒட்டிக்கொடுத்தார். மலை சரிந்த அன்றைக்கு ஒரு வேனில் சின்னப் பிள்ளையொன்றை ஏற்றிப் போனதாக யாரோ சொன்னார்கள். போதாதா?

தங்கை பைத்தியமாகிவிடுவாள் என்று பயந்து, பெயரைக் கல்லில் சேர்க்கச் சொல்லி லீலாதேவி பிரதேச செயலகத்துக்குப் போனாள். அங்கிருந்த தனேஸ்வரன், யாழ்ப்பாணத்து ஆள், விரட்டவில்லை. கோப்பைக் கிளறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நீங்கள் சொல்லுறதை நான் நம்புறன் அக்கா. ஆனால் தாய் உயிரோட இருக்கேக்க உங்கட கையெழுத்து செல்லாது. பிள்ளை இறந்திட்டுது எண்டு தாய்தான் எழுதித் தரவேணும்."

படிவத்தை வாங்கிவந்து தயானி முன்னால் வைத்தாள். தயானி அதைத் தொடவில்லை.

"எம்புள்ளய என் கையாலயே கொல்லச் சொல்றியா?" என்றவள், பிறகு குரலைத் தாழ்த்தி, "காச்சக்காரப் புள்ளய விட்டுட்டு அன்னைக்கு எதுக்குக்கா வேலைக்குப் போன?" என்று கேட்டாள்.

அத்தனை நாளும் கேட்காத கேள்வி. அடுத்த நாள் தயானி பெட்டியோடு கொழும்புக்குப் போய்விட்டாள்.

ஏழு வருடம் ஒரு தகவலும் இல்லை. போன மாதம் திடீரென்று அழைத்தாள்.

"மொனராகலையில ஒரு இல்லத்துல இருக்கா க்கா. பதினாலு வயசு. அதே கண்ணு. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

போகாமல் இருக்க முடியவில்லை. இல்லத்தின் வராந்தாவில், எண்ணெய் வைத்துப் பின்னிய தலையோடு ஒரு பெண்பிள்ளை நின்றது. பெயர் தெரியாமல் வந்த பிள்ளையாம். லீலாதேவி அதன் காதை மெதுவாக மடித்துப் பார்த்தாள். துவாரகாவுக்குக் காதுக்குப் பின்னால் உளுந்தளவு மச்சம் உண்டு.

"மச்சம் மறைஞ்சிருக்கும்ல க்கா?" என்றாள் தயானி. தலை பாதி நரைத்திருந்தது.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று லீலாதேவிக்கு நினைப்பு ஓடியது. ஆனால் அந்தப் பிள்ளையைத் தேடியும் எங்கேயோ ஒருத்தி அலைந்துகொண்டிருப்பாளே.

"இல்ல தயானி. இது நம்ம புள்ள இல்ல."

தயானி படியிறங்கிப் போனாள். பிள்ளை லீலாதேவியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

"அப்ப என்னயக் கூட்டிட்டுப் போக மாட்டீங்களா?"

அந்த விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. லீலாதேவி வாசலுக்கு வந்தபோது தயானி எந்தப் பக்கம் போனாள் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. வெல்லவாய பஸ் வரும்வரை நின்று பார்த்துவிட்டு, தனியாக ஏறினாள்.