செல்லாது என்று நான் சொன்ன காசு

நேற்று ஆரணி பஸ் நிலையத்துக்கு எதிரே டீ குடித்துவிட்டு மூன்று ஐந்து ரூபாய்க் காசுகளை நீட்டினேன். கடைக்காரத் தம்பி அதில் ஒன்றை மட்டும் என் பக்கமே தள்ளினான்.

"இது ஓடாது சார். போன்ல போட்டு விட்டுடுங்க."

உப்பு சத்தியாகிரகத்தின் நினைவாக அரசாங்கமே அடித்த காசு அது. கோலூன்றி ஒருவர் முன்னால் நடக்க, பின்னால் ஒரு கூட்டம் வரும். விளக்கிச் சொன்னேன்.

"யார் நடந்தா இன்னா சார், வாங்க மாட்டேன்றாங்களே."

சுருக்கென்று கோபம் வந்தது. அவன்மேல் கோபப்பட எனக்கென்ன யோக்கியதை என்பதும் கூடவே வந்தது.

கையை மோந்து பார்த்தேன். காசு வாசனை. நான்கு வருஷம் கண்டக்டராக இருந்தவன் மூக்கை விட்டு அது போகாது, சோற்றில்கூட அடிக்கும். ஆரணிக்கும் களம்பூருக்கும் ஓடிய தனியார் பஸ்ஸில் இருந்தேன். சினிமாப் பாட்டு மெட்டில் விசில் ஊதுவேன்; அதைக் கேட்கவே கூட்டம் ஏறுவதாக நினைப்பு வேறு. களம்பூர் நெருங்கினால் அவித்த நெல்லின் வாசனை ஜன்னல் வழியே வந்து காசு வாசனையை அமுக்கிவிடும். ரைஸ்மில் களத்தில் அந்த நெல்லைக் காயவைக்கும் வேலைக்குத்தான் எஸ்தர் தினமும் காலையில் வழியில் ஏறுவாள். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டாள்.

ஒருநாள் அவள் நீட்டியதும் இதே மாதிரிக் காசுதான். அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. நல்ல காசு என்று எனக்குத் தெரியும், பேப்பரில் படித்திருந்தேன். ஆனால் முதலாளி, "பொம்ம போட்ட காசெல்லாம் வாங்கினு வராத" என்று சொல்லியிருந்தார்.

"செல்லாதும்மா. வேற குடு."

"வேற இல்லீங்க கண்டக்டரே. மில்லுல கூலியோட குடுத்தாங்க."

"அப்ப எறங்கு. ஜல்தி."

பாதி வழியில் இறக்கிவிட்டேன். அவள் நேராக பஸ்ஸுக்கு முன்னால் போய் தார்ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் ஹாரனை அமுக்கினார். உள்ளே இருந்தவர்கள், "பேஜார் பண்ணாத, எந்திரிம்மா!" என்று கத்தினார்கள். காசைக் காட்டச் சொல்லி ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவள் யாரையும் திட்டவில்லை.

"கெவுருமெண்டு போட்ட காசு. செல்லும்னு சொல்லுங்க, எந்திரிக்கிறேன்."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. அத்தனை வீறாப்பு. பஸ் களம்பூர் போய்ச் சேர்ந்தபோது மில் கேட்டை மூடியிருந்தார்கள். பிந்தி வந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. மூடிய கேட்டின் முன் அவள் நின்றதைப் படியில் தொங்கியபடி பார்த்தேன். தப்பு என்னுடையது என்று வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கலாம். விசில் ஊதினேன்.

மறுநாளிலிருந்து நடந்தே போனாள். தினமும் அவளைக் கடந்துதான் போவோம். நான் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன். ஒருநாள் டிரைவர் வண்டியை மெதுவாக்கி, "ஏறும்மா, காசு வேணாம்" என்றார்.

"காசு இருக்குதுண்ணா" என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருந்தாள்.

நேற்று டீக்கடையிலிருந்து அப்படியே களம்பூருக்குப் போனேன். மில் இருக்கிறது. களம் இருந்த இடத்தில் தகரக் கொட்டகை போட்டு மெஷின் வைத்திருக்கிறார்கள். வாட்ச்மேன் புதியவர்.

"எஸ்தரா? இங்க பொம்பளைங்க நெல்லு காயவெச்சதே எனக்குத் தெரியாது சார். எந்த ஊரு அவங்க?"

நான்கு வருஷம் டிக்கெட் கிழித்திருக்கிறேன். ஊர் தெரியவில்லை. ஏறும் இடம் மட்டும்தான் தெரியும், ஒரு புளியமரத்தடி. ரோட்டை அகலப்படுத்தியபோது அந்த மரத்தை வெட்டிவிட்டார்கள். இப்போது அங்கே எந்த பஸ்ஸும் நிற்பதில்லை.