முன் அறையில் போட்ட இலை

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். கோயிலுக்குக்கூட மனைவியை வாசலில் இறக்கிவிட்டுக் காருக்குள் இருந்து கிரிக்கெட் பார்க்கிறவன். அதனால் நான் சொல்வதை நீங்கள் நம்பவேண்டும் என்று கேட்கவில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால், நெஞ்சுக்கு ஸ்டென்ட் வைத்ததோடு இந்த மனுசனுக்கு மண்டையும் குழம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பேசாமல் போயிருப்பேன்.

நாங்கள் இருப்பது லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வரிசை வீடு ஒன்றில். பக்கத்து வீட்டில் ரொன் என்று ஒரு வெள்ளைக்காரர், எண்பது வயது, தனி ஆள். அவர் பிறந்து வளர்ந்தது நாங்கள் இப்போது இருக்கும் வீட்டில்தான். கலியாணம் கட்டியபோது ஒரு சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போனார். அவருடைய ஆயுளில் செய்த பெரிய பயணம் அதுதான் என்று நினைக்கிறேன். நான் குப்பை வாளியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால் போதும், வேலிக்கு மேலால் தலை தெரியும், அந்தக் காலம் தொடங்கிவிடும்.

அந்தக் காலத்தில் கரி கொண்டுவருகிறவனுக்குக் குதிரை வண்டியாம். கிழமைக்கு ஒருநாள் அடுப்புக்கு முன்னால் தகரத் தொட்டியை வைத்துக் குளிப்பாட்டுவார்களாம், ஒரே தண்ணீரில் வீடு முழுவதும். கக்கூஸ் பின்வளவில், மாரியில் தண்ணீர் உறைந்துவிடும், அதைச் சொல்லும்போது மனுசனுக்கு முகம் மலர்ந்துவிடும். ஒருவரும் கதவைப் பூட்டவில்லையாம். உள்ளே களவெடுக்க என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. குண்டு விழுந்து பள்ளமான கிடங்குகளுக்குள் விளையாடினார்களாம், அதைப்போல ஒரு சந்தோசம் இனி எந்தப் பிள்ளைக்கும் கிடைக்காதாம். நாங்களும்தான் குண்டு விழுந்த கிடங்குகளுக்குள் விளையாடினோம், அது பொற்காலம் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. ‘அப்போது தெருவில் எல்லா முகமும் தெரிந்த முகம்’ என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் சிரித்துக்கொண்டு தலையாட்டுவேன், உள்ளே வந்து ராஜியிடம், ‘கிழவன் இண்டைக்கும் கரிப்புகைக்கு அழுதிட்டுப் போகுது’ என்பேன். ராஜி என் மனைவி. அவளுக்கு அவரில் ஒரு இரக்கம், எனக்கு இருக்கவில்லை.

போன மாசியில் ஊரில் ஐயா, என்னைப் பெற்றவர், தவறிப்போனார். எனக்கு அப்போதுதான் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள், பிளேன் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பி கொள்ளி வைத்ததை ஃபோனில் பார்த்தேன். படம் நின்று நின்று வந்தது. ஐயாவின் பாடை வாசல் படலையைத் தாண்டியதை நான் பார்க்கவே இல்லை, அந்த நேரம் பார்த்துத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

எட்டாம் நாள் இங்கேயே படைக்கவேண்டும் என்று ராஜி ஒற்றைக்காலில் நின்றாள். எட்டுச் செலவு என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, இலையில் வைத்து, வா என்று கூப்பிட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே நிற்பது. உயிரோடு இருக்கும்போது விசிட் விசா கேட்டு இரண்டு தரமும் மறுக்கப்பட்ட மனுசன் இப்போது விசா இல்லாமல் வந்து நண்டு சாப்பிடப் போகிறாராக்கும் என்று நான் நக்கலடித்தேன். ராஜி நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்குள் ஒரு ஆசை இருந்தது. ஐயா என்னுடைய வீட்டு வாசற்படியை ஒருநாளும் மிதித்ததில்லை. ஒரு தரமாவது வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று இருந்தது.

முன் அறையைத்தான் ஒதுக்கினோம். தமிழ்க் கடையில் வாங்கின வாழையிலை. சோறு, பெரிய கால் இரண்டோடு நண்டுக் கறி, ஒடியல் கூழ், ஒரு கிளாஸ் சாராயம், ஐயாவுக்கு உயிரான பேக்கரிப் பாணும் தேங்காய்ச் சம்பலும், சோசர் வைத்த கோப்பையில் பால் விடாமல் சீனி போட்ட தேத்தண்ணி. அந்த அறையில் முன்பு கணப்பு இருந்திருக்கிறது. நாங்கள் வீடு வாங்கும்போதே அதைக் கல் வைத்து அடைத்துப் பூசியாயிற்று, அந்த இடத்தில் இப்போது எங்களுடைய டிவி.

‘பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ’ என்றாள் ராஜி. வெளியே ஜன்னலுக்கு நேரே ரொன் நின்று பூச்சாடிக்கு ஏதோ செய்துகொண்டிருந்தார். வெட்டவெளிச்சப் பின்னேரத்தில், கிழவன் பார்த்துக்கொண்டிருக்க, வெற்று அறையைப் பார்த்து அப்பனின் பெயரைக் கத்த எனக்கு வெட்கமாக இருந்தது. ‘வாங்கோ, வந்து சாப்பிடுங்கோ’ என்று வாய்க்குள் முணுமுணுத்துவிட்டுத் திரைச்சீலையை இழுத்து மூடி, கதவைச் சாத்தினேன்.

நாங்கள் இரண்டு பேரும் அறைக்கு வெளியே நடை ஓடைக்குள் நின்றோம். கொஞ்ச நேரத்தில் புகை மணத்தது. சாம்பிராணி இல்லை, சமையல் தீய்ந்த மணமும் இல்லை. ரயில் நிலையத்துப் பழைய கரி மாதிரி, தொண்டையில் ஒட்டுகிற மணம். ராஜி என் கையைப் பிடித்தாள். நான் கதவைத் திறந்தேன்.

அறையில் ஒருவரும் இல்லை. ஜன்னல் பூட்டியபடி. சோறு, கூழ், நண்டு, சாராயம் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. பாண் துண்டின் நடுவெள்ளை மட்டும் தின்னப்பட்டிருந்தது. மேல் தோல்களை ஒருவர் கிழித்தெடுத்து இலையின் ஓரத்தில் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக நேராக அடுக்கிவைத்திருந்தார். தேத்தண்ணி கோப்பையிலிருந்து சோசருக்குள் ஊற்றப்பட்டு, பாதி குடிக்கப்பட்டிருந்தது. நரி வந்திருக்கும் என்று சொல்லப்போகிறீர்கள். சொல்லுங்கள். லண்டன் நரி கெட்டிக்கார நரிதான், ஆனால் தேத்தண்ணியைச் சோசரில் ஊற்றி ஆற்றிக் குடிக்கிற நரியை நான் இன்னும் காணவில்லை.

‘ஐயா பாண் தோலை விடமாட்டாரே’ என்றாள் ராஜி. அது சரி. பாணில் ஐயா முதலில் கேட்பதே முறுகின தோலைத்தான்.

வாசல் மணி அடித்தது. ரொன், கோட்டும் இல்லாமல், வீட்டுச் செருப்போடு. முகம் வெளுத்துப்போயிருந்தது.

“முன் அறையில் யார் நெருப்பு மூட்டியது?” என்று கேட்டார்.

நான் வாய் திறக்க முதல் உள்ளே வந்துவிட்டார். இலைக்கு முன்னால் நின்று அந்தத் தோல்களைப் பார்த்தார். பிறகு எங்கள் சோபாவில் குந்தி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“மோரீன்” என்றார்.

அவருடைய தங்கச்சி. ஆறு வயதில் செத்தவள். புகையும் பனியும் சேர்ந்து தெருவே தெரியாமல் மூடிக்கிடந்த ஒரு மாரியில், நெஞ்சு அடைத்து, மூச்சு விட ஏலாமல். எப்போதும் பூட்டிக்கிடக்கும் இந்த முன் அறையை அன்றைக்குத்தான் திறந்து, சவப்பெட்டியை இதே இடத்தில் வைத்தார்களாம். பாண் தோல் தின்னமாட்டாளாம், அடுக்கிவைத்துவிட்டு எழும்புவாளாம், தாய் ஒவ்வொரு நாளும் ஏசுவாளாம். சூடு தாங்கமாட்டாள் என்று தேத்தண்ணி சோசரில்தானாம்.

எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. எத்தனை வருடம் இந்த மனுசன் வேலிக்கு மேலால் குதிரையையும் தொட்டியையும் சொல்லி என் காதைத் தின்றிருப்பார், அத்தனை கதைக்குள்ளும் ஒரு பிள்ளை செத்த கதை இல்லை.

“ஏன் ஒருநாளும் சொல்லவில்லை?” என்று கேட்டேன்.

“அவளுடைய பெயரை எடுக்க அம்மா விடவில்லை” என்றார். “பிறகு அப்படியே பழகிவிட்டது. மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.”

மற்றதெல்லாம் நன்றாக இருந்ததாம். அந்தப் பிள்ளையைக் கொன்ற புகைக்குத்தான் இத்தனை நாளும் உருகினார். எனக்கு அந்த ஆளைப் பிடித்து உலுக்கவேண்டும்போல இருந்தது. ராஜி அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, கையைப் பிடித்து வீடுவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

வந்தவள் என்னைப் பார்த்தாள். “இஞ்சாருங்கோ, ஐயாவின்ரை பேரைச் சொன்னனீங்களோ?”

நான் வாசல் கதவைப் பூட்டினேன்.

“பேர் சொல்லாமல் வாங்கோ எண்டால், இந்த வீட்டிலை ஆர் நிக்கினமோ அவைதானே வருவினம்” என்றாள். “ஐயா வந்து பாத்திட்டுத் திரும்பியிருப்பார்.”

“நீர் சும்மா இரும்” என்றேன். இரண்டு தரம் விசாக்காரன் மறுத்தான், மூன்றாம் தரம் நான் மறுத்திருக்கிறேன். அவள் அடுப்படிக்குள் போய் இருந்து அழுதாள். நான் முன் அறைக்குப் போய் இலையை எடுக்கத் தொடங்கினேன்.

இனிச் சொல்வது ராஜிக்கும் தெரியாது. ரொனுக்கும் தெரியாது.

ஐயா நண்டு சாப்பிடுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார். வீட்டில் நாலு பிள்ளைகள், நண்டு ஒன்றோ இரண்டோ, பெரிய கால் எப்போதும் அவருக்குத்தான் என்று அம்மா வைப்பா. அவர் காலைப் பல்லால் மெதுவாகக் கடித்துப் பிளந்து, சதையை உடையாமல் முழுசாக இழுத்தெடுத்து, அம்மா திரும்புகிற நேரம் பார்த்து எங்களில் ஒருவரின் சோற்றுக் கோப்பைக்குள் போடுவார். பிறகு ஓட்டின் இரண்டு பாதிக் கோதையும் ஒன்றோடு ஒன்று பொருத்தி, பிளந்ததே தெரியாமல் மூடிச் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். ‘ஏன் இன்னும் சாப்பிடேல்லை’ என்று அம்மா கேட்டால் ‘ஆறுதலாய்ச் சாப்பிடுறன்’ என்பார்.

ராஜி பெரிய கால்களை உடைக்காமல்தான் சமைப்பாள். இலையில் அவை வைத்தபடி இருந்தன. குப்பைப் பைக்குள் போட ஒன்றை எடுத்தேன். பாரம் இல்லை. விரலால் அமத்தினேன், இரண்டாகத் திறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. மற்றதும் அப்படித்தான், வழித்தெடுத்தது மாதிரி வெறும் கோது.

ராஜியிடம் சொன்னால் ஐயா வந்துதான் இருக்கிறார் என்று சந்தோசப்படுவாள். எனக்குச் சந்தோசம் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஐம்பது வயதில் எனக்குப் பொறாமை வந்தது, இன்னும் போகவில்லை. அவர் பெற்ற பிள்ளை நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அவர் அந்தப் பக்கம் இருந்து, யாரோ பெற்ற பிள்ளைக்கு நண்டு உடைத்துக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே போய்விட்டார்.